தோல் விலை

மரக்கைபோவில் எங்கள் தெருவுக்கு
மின்சாரம் இரவு பதினொன்றுக்கு வரும்.
அதுவரை குளிர்சாதனப் பெட்டி ஓர் அலமாரி.
வந்ததும் விசிறி இருமிக்கொண்டு எழும்,
நான் கொல்ல உட்காருவேன்.

வடக்குச் சதுப்பில் கொம்புப் பல்லிகள்.
ஒன்று சாக நாற்பது வினாடி,
செத்த இடத்திலேயே முளைத்து வர
இன்னொரு முப்பது.
அந்த முப்பதில்தான் அரெப்பா தின்பேன்,
மகளின் கொசுவலையைச் செருகிவிடுவேன்.
விடிவதற்குள் இருநூறு தோல்.

தோல் ஒன்று ஆயிரத்து எழுநூறு காசு.
மூன்று தோலும் கொஞ்சம் நூலும் சேர்ந்தால் ஒரு கவசம்.
கவசம் நாலாயிரத்து அறுநூறு.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
சுண்டைக்காய் முக்கால் பணம்,
வைத்த குழம்பு கால் பணம்.

நெயோமர் நம்பவில்லை.
என் கொழுந்தன். பொருளாதாரம் படித்தவன்,
இரண்டு பருவம், பேருந்து ஓடியவரை.
"கச்சாவாக விற்கிறவன் கடைசிவரை கச்சாதான்,
இந்த ஏரியைப் பார்த்துமா புரியவில்லை?"
என் தோலையெல்லாம் வாங்கித் தைத்தான்.
ஒரு வாரம். முந்நூறு கவசம்.
இரண்டு பொட்டலம் சோளமாவு நட்டம்.

ஆனாலும் யாரோ வாங்குகிறார்கள்.
நார்வேயில் ட்ரொம்சோ என்றோர் ஊர்,
அங்கே ஐவின்ட், மீன் ஆலையில் இரவுக் காவல்.
வாங்குகிறான், தைக்கிறான், நட்டத்துக்கு விற்கிறான்,
மறுபடி வாங்குகிறான்.
மொழிபெயர்க்கும் செயலி வழியே ஏன் என்றேன்.
தைக்கத் தைக்க அனுபவப் புள்ளி, என்றான்.
தொண்ணூற்றொன்பதாம் நிலையை எட்டினால்
பச்சைச் சால்வை ஒன்று தருவார்கள்.

சால்வையா?

சால்வைதான்.

இப்போது எந்த நிலை?
தொண்ணூற்றிரண்டு.
வயிற்றில் புளி கரைந்தது எனக்கு.
இன்னும் ஏழு; போர்த்திக்கொண்டு போய்விடுவானே!
பயப்படாதே, என்றான்,
தொண்ணூற்றிரண்டு என்பது பாதி வழிதான்.
முகம் தெரியாத ஒருவனின் வழி நீள்வதில்
இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று
நான் நினைத்ததில்லை.

ஜூலையில் மின்சாரம் நிற்கவே இல்லை.
மூன்று நாள் கொண்டாடினோம்.
நாலாம் நாள் சதுப்பில் கால் வைக்க இடமில்லை:
மளிகைக்கடை ஓஸ்வால்டோ, பல் டாக்டர்,
எதிர்வீட்டுப் போலீஸ்காரர்,
ஏரிக்கு அக்கரையிலிருந்து கபிமாஸ் முழுக்க.
ஒரே பல்லிக்கு ஒன்பது அம்பு.
தோல் எண்ணூறுக்கு வந்தது. அடிமாட்டு விலை,
அடித்தது நாங்கள்தான்.
வெளிச்சம் கூடினால் விலை குறையும், என்றான் நெயோமர்.
அவன் படித்ததில் உருப்பட்டது அந்த ஒரு வரி.

நேற்று இரண்டு மணிக்கு
பார்த்துக்கொண்டிருக்கும்போதே சதுப்பு காலியானது.
ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிய நிலையில் நின்றார்கள்,
பிறகு இல்லை.
அடிக்க ஆளில்லாமல் பல்லிகள் அங்கும் இங்கும் திரிந்தன.
எண்ணூறு ஆயிரமானது, ஆயிரத்து ஐந்நூறானது,
இரண்டாயிரத்து நூறு.
ஐவின்ட் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வாங்கினான்,
செயலிக்கு அது மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக.
மகள் புரண்டு படுத்தாள்.

அப்புறம்தான் உறைத்தது,
கபிமாஸில் மின்மாற்றி வெடித்திருக்கும் என்று.
அங்கேதான் என் தங்கை யுலெய்சி,
பதினாறு நாள் பிள்ளையோடு,
மூடின அறையில், காற்றில்லாமல்.

அழைத்தேன். மணி போகவில்லை.
மறுபடி அழைக்கலாம்.
இன்னும் முப்பது வினாடி இருந்தது,
பல்லி முளைக்க.