சாம்பல் பெட்டி

தார்த்துவில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
யாராவது பார்க்க வந்தால்
விர்வே ஒரு பொத்தானை மௌஸால் இழுத்து
வெள்ளைத் திரையின் நடுவில் விடுவாள்.
பின்னால் நாற்பத்தொரு வரி நிரல்
தன்னைத்தானே எழுதிக்கொள்ளும்.
வந்தவர் வாய்பிளப்பார். அங்கேயே நிறுத்திவிடுவோம்.

அடுத்த கட்டத்தைக் காட்டுவதில்லை.
ஒருவர் அந்த வரிகளுக்குள் இறங்கி
இருபத்தைந்தாவதைக் கையால் திருத்துகிறார்,
பிறகு படத்துக்குத் திரும்புகிறார்.
இப்போது படம் வரியைப் படித்தாக வேண்டும்.
வரைந்ததை எழுத்தாக்குவது சுலபம்.
எழுதியதைப் படமாக்குவது
தயிரை மறுபடி பாலாக்கும் வேலை.

சட்டகமோ எங்களுடையதல்ல.
குரிச்சிபாவில் ஒருவர், கீவில் இருவர்,
பெயரே சொல்லாத இன்னொருவர்
ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறார்கள்.
சுவர் நகர்கிறது.
நாங்கள் வரைந்த கதவு
சுவரைத் தேடி அலைகிறது.
காசு வாங்காமல் கட்டுகிறவரிடம்
என் வசதிக்குக் கட்டு என்று
எந்த முகத்தோடு கேட்பது?

மார்ச்சில் ஒரு கடிதம்.
டிரோம்சோவில் படகுத்துறைக் கணக்குப் பார்க்கும் ஹால்வார்
எங்கள் கருவியில் தன் படிவத்தைத் திறந்தார்,
ஒரு பெட்டியை நகமளவு வலப்பக்கம் தள்ளினார்,
சேமித்தார்.
அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பெண்
வரிகளுக்கிடையே விட்டுச்சென்ற குறிப்பு போயே போயிற்று:
'இந்தக் காலியிடம் பிழையல்ல.
ஓதம் ஏறும் நாட்களில் தேவைப்படும்.'
கருவிக்கு அது குப்பை. துடைத்து ஒழுங்காக்கியது.

துடைக்கும் பகுதியை எழுதியவன் நான்.
விர்வே மூன்று நாள் பேசவில்லை.
நான்காம் நாள்,
"எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்கிறது உன் கருவி" என்றாள்.
நம் கருவி என்று சொல்லியிருக்கலாம்.

அதன்பின் எட்டு மாதம்
ஒரே ஒரு பெட்டி செய்தோம். சாம்பல் நிறம்.
புரியாத வரி எதிர்ப்பட்டால்
அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளும்.
மேலே ஒரே சொல்: தெரியாது.
தூக்கலாம், நகர்த்தலாம், உள்ளே கை வைக்காது.
காற்புள்ளி முதல் காலியிடம் வரை
வந்தபடியே திரும்பிப் போகும்.

மானிய அலுவலகத்திலிருந்து ஓலெவ் வந்தார்.
பொத்தானை இழுத்துக் காட்டியும் வாய்பிளக்கவில்லை.
"எட்டு மாதமாக இதற்குத்
தெரியாது என்று சொல்லவா கற்றுக்கொடுத்தீர்கள்?"
"ஆமாம்" என்றாள் விர்வே.
"ரொம்பக் கஷ்டப்பட்டது."
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
அடுத்த தவணை இன்னும் வரவில்லை.

இன்று காலை சட்டகத்தின் புதுப் பதிப்பு.
ஹால்வாரின் படிவத்தைத் திறந்தோம்.
மேலிருந்து கீழ்வரை சாம்பல்.
தெரியாது, தெரியாது, தெரியாது.
ஒரு பொத்தான்கூட மிஞ்சவில்லை.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
நகமளவு தள்ளி, சேமித்து,
பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்தோம்.
மாறியது ஒரே ஓர் எண்.
குறிப்பு இருந்தது. ஓதம் இருந்தது.

வீட்டுக்குக் கிளம்பியிருந்த விர்வே
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.
முதல் சாம்பல் பெட்டியைத் திறந்தாள்.
"பொத்தானாகத்தான் இருக்கும்" என்றேன்.
"பார்க்கலாம்" என்றாள்.