மூன்றாவது கோடு

பொம்மனஹள்ளி சுகாதார நிலையத்தில்
தராசுத் தட்டில் கிடந்து உதைக்கிறான் ஆல்வின்.
ஆடி ஆடி ஏழு கிலோ அறுநூறில் நிற்கிறது முள்.
அட்டையில் ஒரு புள்ளி வைத்து
"மூரு" என்கிறாள் நர்ஸ் பவ்யா.
மூன்றா? மார்க்கா?
என் முகம் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்:
நூறு பிள்ளைகளை எடைப்படி நிறுத்தினால்
இவனுக்குப் பின்னால் மூன்று பேர்.

முன்னால் எத்தனை என்று நான் கேட்கவில்லை.
கழித்தல் எனக்குத் தெரியும்.

வரிசையும் புதிதில்லை.
கார்மெண்ட்ஸில் மணிக்கொருதரம் போர்டில் எழுதுவார்கள்,
பதினான்கு லைனில் எங்கள் லைன் எத்தனையாவது என்று.
நேற்று அறுபது சட்டை, ஒன்பதாம் இடம்.
இன்று எழுபது. அதே ஒன்பது.
எல்லோரும் ஓடிய நாளில்
நாம் ஓடியது போர்டில் ஏறாது.

நான் காஜா பார்த்து அனுப்பும் குட்டிச் சட்டைகளில்
"12 மாதம்" என்று லேபிள்.
கழித்துப் போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து
அவனுக்கு மாட்டிப் பார்த்தேன்.
கழுத்து வழியே தோள் வெளியே வந்தது.
எந்த ஊர்ப் பன்னிரண்டு மாதம் அது?

அந்த நூறு பேர் யார் என்று பவ்யாவிடம் கேட்டேன்.
பல தேசத்துப் பிள்ளைகளாம், எப்போதோ அளந்தார்களாம்.
நடுவில் ஓடும் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்:
இதற்கு மேலே பாதிப் பேர், கீழே பாதிப் பேர்.

திரும்பும் பஸ்ஸில்
இடுப்புப் பிள்ளைகளைக் கண்ணால் எடைபோட்டேன்.
இவன் முன்னால். அவளும் முன்னால்.
ஜன்னல் சீட்டில் பிஸ்கட் தின்பவன் ரொம்ப முன்னால்.
சில்க் போர்டு சிக்னலில் பேனா விற்றவளின் தோளில்
தலை தொங்கத் தூங்கியது ஒன்று.
அதை எண்ணவில்லை.
பஸ் நகர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.
சில்க் போர்டில் எந்த பஸ் நகர்ந்திருக்கிறது?

இரண்டு மாதம் கேழ்வரகும் முட்டையும்.
எட்டு கிலோ!
பவ்யா புள்ளி வைத்தாள்,
அதே மூன்றாவது கோட்டில்.
அந்த நூறு பேரும் சும்மா இருந்திருப்பார்களா,
அவரவர் வீட்டில் அவரவரும் தின்றிருக்கிறார்கள்.
"கோட்டை விடாமப் புடிச்சிருக்கான், ஒள்ளேது" என்றாள்.
நல்லதுதானா? அவள் குரலில் நல்லதாகத்தான் இருந்தது.

ராத்திரி அட்டையை விரித்துவைத்து
அந்த மூன்று பேருக்கு மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.
தவழ்ந்து வந்து பிடுங்கிக் கடித்தான்.
நடுக்கோட்டின் மேல்
ஈரமாக
இரண்டு பல் தடம்.