இலை தரையைத் தொடுமுன்

இங்கே மழைக்குப் பஞ்சமில்லை.
கூரை, துடுப்பு, உப்பு டப்பா,
எதில் வேண்டுமானாலும் பூஞ்சை பூக்கும்.
ஆனால் மண்ணை அள்ளிப் பாருங்கள்,
சர்க்கரை மாதிரி வெள்ளை மணல்.
கழுவிக் கழுவி
ஊட்டமெல்லாம் எந்தக் காலத்திலோ
ஆற்றோடு போய்விட்டது.
ஆறாவது வைத்துக்கொண்டதா?
கடுங்காப்பி நிறத்தில்
அதுவும் வெறும் வயிற்றோடு ஓடுகிறது.
பசி ஆறு என்பார்கள்
கீழ்ப்பக்கத்திலிருந்து சோப்பும் தூண்டில்முள்ளும்
விற்க வருகிறவர்கள்.
கொசுகூட இங்கே குடியேற யோசிக்கும்.

மழைக்குக் குறைவில்லாத பாலை இது.

என் பெயர் நிகானோர்.
ரியோ நெக்ரோவின் மேல்கரையில்
ஆறு வருடம் இலை நிறுக்கும் வேலை பார்த்தேன்.
வலைப்பைக்குள் பத்து கிராம் சருகு வைத்துத் தைத்து
மரத்தடியில் போட வேண்டும்.
மாதம் ஒருமுறை எடுத்து எடை பார்க்க வேண்டும்.
மண்ணுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறதென்று
டாக்டர் ஓடிலுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மண்ணுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

மூன்றாம் மாதமே பை வர மறுத்தது.
தலைமயிர் போன்ற வேர்கள்
கீழிருந்து மேலே எழுந்து
வலைக்கண்ணில் நுழைந்து
இலையை நரம்பு நரம்பாகப் பற்றியிருந்தன.
கத்தரித்தபோது
தையல் பிரிகிற சத்தம்.

வேரென்றால் கீழே போவதென்று
யார் சொன்னது?
ஒரு மரத்தின் வேர்
அடுத்த மரத்தின் மேல் ஆளுயரம் ஏறி
பட்டையில் வழியும் மழையைப்
பாதி வழியிலேயே குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.
ஓடில் அதை உட்கார்ந்து வரைந்தாள்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
பக்கத்து வீட்டுச் சட்டிக்குள்
யாரோ கைவிடுவதைப் பார்த்துவிட்டவன் போல.

இலைகள் செருப்புத்தோல் மாதிரி.
ஒன்றைச் செய்யவே இவ்வளவு செலவென்றால்
புழுவுக்கு விட்டுக்கொடுக்க மனம் வருமா?
கசப்பு, துவர்ப்பு, பிசுபிசுக்கும் பால்.
இல்லாத வீட்டில்தான் பூட்டு பெரிது.
அந்தத் துவர்ப்பு வடிந்து வடிந்துதான்
ஆறு கறுத்தது.

என் மனைவி எவரிஸ்டாவின் மரவள்ளியும் விஷம்தான்.
முப்பத்தொரு வகை வைத்திருக்கிறாள்,
முப்பத்தொன்றும் கசப்பு.
துருவி, பிழிந்து, சாற்றைக் கொதிக்கவைத்து
விஷத்தைச் சமாதானப்படுத்துவதற்குள்
ஒரு பகல் போய்விடும்.
இனிப்பு வகை நட்டால்?
சிரிப்பாள்.
எறும்புக்கா சமைக்கச் சொல்கிறாய்?

ஒரு தேர்தல் வருடம்
அரசாங்கப் படகில் யூரியா வந்தது.
வீட்டுக்கு ஒரு மூட்டை, ஒரு கைகுலுக்கல்.
நிலம் முழுக்கத் தூவினோம்.
அன்றிரவே மழை.
விடிந்தபோது மணல் பழையபடி வெள்ளை.
சாக்கு மட்டும் நிலைத்தது,
இன்னும் என் படகின் ஓட்டையை அடைத்துக்கொண்டு.

வெள்ளம் ஏறும் மாதங்களில்
மீன்கள் கிளைகளுக்கிடையே நீந்திப்
பழம் தின்னும்.
ஆற்றில் இல்லாததை மரம் போட,
மரத்தால் நடக்க முடியாத தூரத்துக்கு
மீன் கொண்டுபோய்க் கொட்டையைத் துப்பும்.
அந்த மாதங்களில் எனக்கு மீன் கிடைப்பது கடினம்.
காட்டுக்குள் யார் வலை வீசுவது?
கிடைக்கும் நான்கு விரல் மீன்
மிளகாய்க் குழம்பில் இறங்குமுன்
வாசலில் ஒன்பது பேர், கையில் மரவள்ளி ரொட்டியோடு.
யாரையும் கூப்பிடுவதில்லை.
தோய்த்துத் தின்பார்கள்.
தலை மைத்துனனுக்கு,
முள் நாய்க்கு,
நாய் விட்டது எறும்புக்கு.
சட்டியைக் கழுவ
மிச்சம் எதுவும் இருக்காது.

பணம் நின்றது. ஓடில் போய்விட்டாள்.
நான்கு வருடம் கழித்து ஒரு கடிதம்:
அட்டவணையில் ஒரு கட்டம் காலி,
நூற்றுப் பதினான்காம் பை.
முடிந்தால் தேடிப் பார், நிகானோர்.

தேடினேன். அரை நாள்.
வலை குட்டித் தலையணையாக உப்பியிருந்தது.
உள்ளே இலை இல்லை,
இலையின் நரம்புகூட இல்லை.
வேர், வேர் மட்டும்.
அதன் நடுவே
எண் எழுதிய அலுமினியத் தகடு,
அதை மட்டும் எதுவும் தொடவில்லை.
கத்தரிக்கோல் பையில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.
கழுத்து வியர்வையைத் துடைத்து உதறினேன்.
துளி விழுந்த இடத்தில்
எறும்புகள் கூடின.

வீடு திரும்பி எழுதினேன்:
பை 114.
எனக்குக் கிடைக்கவில்லை.