உவர்

மழை விட்ட மறுவாரம்
பி பிளாக் சுவரில் மறுபடி வெள்ளை பூத்தது.
மூன்று தடவை சுரண்டியாயிற்று.
பில்டர் மேல் கேஸ் என்று
சங்கத்தில் தீர்மானம்; எழுதியவன் நான்.

பெயின்டர் மதலைமுத்து விரலில் எடுத்து
நாக்கில் வைத்தார்.
“கேஸை பென்ஃபீல்டு துரை மேல போடுங்க சார்.”

கார் நிறுத்துகிற இடத்தில்தான் தொட்டிகளாம்.
உப்பும் வெடியுப்பும் கரைத்த நீரில்
பன்றித் தொடைகள் இருபத்தோரு நாள்,
பிறகு பலாக்கட்டைப் புகை,
பிறகு தண்டுச் சிப்பாய்களின் காலைத் தட்டு.
கொக்கியில் தொங்கியதற்கு நம்பர்.
கொக்கியை இழுத்தவனுக்கும் நம்பர்:
அவருடைய அப்பா நாற்பத்தேழு.

துரை கப்பலேறிய வருஷமும் அதுவே.
நாற்பத்தேழாம் நம்பருக்குக் கிடைத்தது
விலைபோகாத தொடை ஒன்று,
நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று.
தொடையை டானரி ரோட்டு லைனே கூடித் தின்றதாம்,
சான்றிதழைக் கரையான்.

அப்புறம் ஒரு மேனன் நடத்தினார்; லைசென்ஸ் போயிற்று;
டயர் குடோன்;
அப்புறம் நாங்கள்,
‘சைவக் குடும்பங்களுக்கு மட்டும்’ என்ற பலகையோடு.

மினிட்ஸில் எழுதினேன்:
காரணம், நிலத்தடி ஈரம்.

ஏணியோடு அவர் வெளியே போனதும்
சுவரில் விரல் வைத்து நக்கினேன்.
முதலில் உப்பு.
பிறகு அடிநாக்கில்
ஒரு சில்லிப்பு.