பேனாப் புள்ளிகள்

செவ்வாய்க்குச் செவ்வாய்
வாழைச்சேனையிலிருந்து ஆறே முக்கால் பஸ்.
ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பல்
மணிக்கட்டில் இழுத்த கோட்டை
நீளக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு
மட்டக்களப்புப் பெரியாசுபத்திரிக்குப் போகிறேன்.

பஸ்லியா மிஸ் கறுப்புக் கண்ணாடி தருவா.
பிறகு வெளிச்சம்.
சிவப்பு. சுடாது, குத்தாது.
கண்ணாடி ஓரத்தால் களவாகப் பார்த்தால்
தோலுக்கு அடியில் ஒரு மாதுளம் முத்து.
பார்க்க மட்டும்தான்.
உணர்ந்து சொல்ல அந்தப் பக்கம்
என்னிடம் ஆளில்லை.

"இது வேலை செய்யுமா மிஸ்?"
"எலிக்கு வேல செஞ்சிரிக்கி.
மனிசருக்கு இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இரிக்காங்க.
தைச்ச டொக்டர்ர கையும்
ஒங்கட பொறுமையும்தான் முதல்.
இது ஒரு துணை."
நிச்சயம் என்று சொல்லியிருந்தா என்றால்
அடுத்த செவ்வாய் நான் வந்திருக்க மாட்டேன்.

நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம் நரம்பு,
அதுவும் நல்ல நாளில்.
ஜன்னலோரம் இருந்து கணக்குப் பார்த்தேன்:
அந்த வேகத்தில் பஸ் ஓடினால்
ஆசுபத்திரி வாசலுக்கு
எண்பத்திரண்டாயிரம் வருடம்.
கொண்டக்டர் மிச்சக் காசு தரவில்லை.
கேட்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் அணைந்ததும்
மிஸ் விரல் நுனியால் தட்டிக்கொண்டு வருவா,
பூட்டிய வீட்டில் ஆளிருக்கா என்று பார்ப்பதுபோல.
ஓரிடத்தில் சுரீர் என்னும்.
"இந்தா, இங்க நிக்கிது."
நீலப் பேனாவால் ஒரு புள்ளி.

சித்திரைப் புள்ளி தழும்புக்குப் பக்கத்தில்.
வைகாசியில் ஒன்றரை விரல் தள்ளி.
அதில் சவுக்காரம் படாமல்
நான் கிணற்றடியில் கையைத் தூக்கிக் குளிப்பதைப் பார்த்து
வசந்தரூபி கேட்டாள்:
"கோலம் எப்ப முடியும்?"

ஆனியில் மெஷின் பழுதாகி
மூன்று கிழமை வெளிச்சமில்லை.
என்றாலும் புள்ளி நகர்ந்திருந்தது.
மிஸ் என்னைப் பார்த்தா.
நான் பேனாவைப் பார்த்தேன்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
திருத்தி வந்ததும் அவ லைட்டைப் போட்டா,
நான் கையை நீட்டினேன்.

ஆவணி. கண்ணை மூடச் சொல்லி
பஞ்சால் தொட்டா.
"எந்த விரல்?"
"மோதிர விரல்."
"கண்ணத் திறங்க."
பஞ்சு சுண்டுவிரலில் இருந்தது.
"வழி மாறிப் போய்ச் சேர்ந்திரிக்கி.
காரியமில்ல, மூளை படிச்சிரும்."

ஒரு காலம் எங்கள் ஊருக்குக் கடிதங்கள்
இப்படித்தான் வந்தன.
பெயர் சரி, ஆள் வேறு வாசலில்.
வந்ததே பெரிது என்று
பிரித்து வாசித்தோம்.

இப்போது ஐஸ் வாடியில் எனக்கு
பில் எழுதும் வேலை.
நேற்று விடிய, கும்பிளா ஏற்ற வந்த லொறிக்காக
பெட்டி மூடியைத் தள்ளினேன்.
எதுவோ கடித்தது.
கையை இழுத்தேன்.
நின்றேன்.
சுண்டுவிரலை மட்டும்
ஐஸ் கட்டியில் திரும்ப வைத்தேன்.

குளிர்.
மோதிர விரலில்தான் கேட்டது.
என்றாலும் குளிர், அதே பழைய
பல்லை நெருடும் குளிர்.

"பெட்டிய மூடு, ஐஸ் கரையுது!"
லொறியிலிருந்து அன்ரன் கத்துகிறான்.
கரையட்டும்.
இன்னும் ஒரு மில்லிமீட்டர் நேரம்.