ஏழு குண்டுகள்

பாதி விலை என்றதும் ஏஜாக்ஸ் கடையில்
காற்றுத் துப்பாக்கி வாங்கினேன்,
தக்காளி தின்னும் கறுப்பு அணிலுக்காக.

குழலை மடக்கிய தோள் ஒரு கிழமை நொந்தது.
குண்டோ தன் பாட்டுக்குப் போனது:
ஏழில் ஆறு வேலிப் பலகைக்குள்,
ஏழாவது
பக்கத்து வீட்டு மார்செலின் பறவைத் தொட்டியில்.
நீர் ஒழுகுவது எனக்கு மட்டும் கேட்டது.

கடை திருப்பி எடுக்காது.
விற்கப் போட்டால், வந்த பெடியன் சிரிக்கிறான்:
"என்னட்டையும் ஒன்று கிடக்கு அண்ணை,
விலை பார்க்க வந்தனான்."

மிச்ச நானூற்றுச் சொச்ச ஈயக் குண்டுகளைத்
துணியில் முடிந்து
புடலங்காய் நுனிகளில் கட்டிவிட்டாள் ஜெயரூபி.
காய் நேராக இறங்குகிறது.
அணில் மோந்து பார்த்துவிட்டுத் தக்காளிக்குப் போகிறது.

முதல் காய் மார்செலுக்கு என்கிறாள்.
தொட்டியைப் பற்றி
அவளிடம் நான் சொன்னதேயில்லை.