வானிலை இடம் கொடுத்தால்

படகு நேரப் பட்டியலில்
எண்களுக்கெல்லாம் நிமிர்ந்த, தடித்த எழுத்து.
பத்து இருபதுக்குப் புறப்பாடு.
நான்கு ஐந்துக்குத் திரும்பல்.
பொய் சொல்லும்போதும் எண்கள்
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்லும்.

அடியில் ஒரே ஒரு வரி:
வானிலை இடம் கொடுத்தால்.
அதற்காகத்தான் இந்த மெலிந்த சாய்வெழுத்தைத் தேடிப் பிடித்தேன்.

உடம்பு நூல்.
காலுக்குக் கீழேயோ பட்டையாய் ஓர் அடிக்கட்டை,
சீவாமல், சதுரமாக,
எங்கள் மீன்பிடிக்காரர்களின் ரப்பர் பூட்ஸ் மாதிரி.
சாய்வு பதினொரு பாகை.
டோர்ஷாவ்ன் துறைமுகச் சரிவில்
எதிர்காற்றில் தபால் பையோடு ஏறுகிறவனை அளந்தால்
ஏறக்குறைய அவ்வளவு வரும்.

கல்யாண அழைப்பில் வைத்துப் பார்த்தேன்:
தேவாலயத்துக்குள் பூட்ஸோடு வந்தவன்.
மருந்துச் சீட்டில், ஏதோ யோசனையில் இருக்கும் டாக்டர்.
பாலாடைக்கட்டி உறையில் போட்டால்
விலை ஏறும் என்றார்கள். ஏறியது.

எங்கள் மொழியில் ஓர் எழுத்து,
தலையில் குறுக்குக் கோடு,
தனக்கென்று ஒலி கிடையாது.
வானிலை என்ற சொல்லில் அது இரண்டு முறை வருகிறது.
இந்த எழுத்துருவில் அதன் குறுக்குக் கோடு
பாய் இறக்கிய மரம்போல் சாய்ந்து நிற்கும்.
உண்மையைச் சொன்னால்
அந்த ஓர் எழுத்துக்காகவே இதை வாங்கினேன்.

பிறகு ஒட்வோர் என்ற பெண்மணியின் கடிதம்.
"அக்காவின் அடக்கம் பன்னிரண்டு மணிக்கு.
மடியில் கேக் டப்பாவோடு
நான்கு ஐந்து வரை துறையில் உட்கார்ந்திருந்தேன்.
அப்படி ஒரு வரி இருந்ததாம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டா
படகுக்கு வர வேண்டும்?"

"தடியாக்கு," என்றார் மேலாளர் ட்ரோன்டுர்.
ஆக்கினேன்.
வானிலை, முத்திரை குத்தும் அதிகாரியாக
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது.
அழித்தேன்.

துறைக்கே போய்ப் பார்த்தேன்.
பலகைக் கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது.
ஏழு புள்ளி அளவில்
நூல் கோடுகள் கரைந்துபோய்
அடிக்கட்டைகள் மட்டும் வரிசையாக மிச்சம்.
ஆளில்லாத பூட்ஸ்கள்.
கண்ணாடிக்கு மேலே
படகோட்டி ஹானுஸ் மார்க்கரால் இரண்டு கோடு இழுத்து
தன் தொலைபேசி எண்ணைக் கிறுக்கியிருந்தார்.
ஒட்வோர் திரும்பிப் போன அன்று மாலை, என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

வரியைப் பதினாலு புள்ளிக்கு வளர்த்து
எண்களுக்கு மேலே ஏற்றினேன்.
கனம் கூட்டவில்லை.
ஹானுஸின் எண்ணையும் சேர்த்தேன்,
அதே மெலிந்த சாய்வில்.
ட்ரோன்டுர் இரண்டு நாள் பேசவில்லை.

ஒட்வோருக்கு என்ன எழுத்தில் பதில் அடிப்பது?
திரையில் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி
ராத்திரி போனது.
கடைசியில் பேனாவை எடுத்தேன்.
என் கையெழுத்தும் வலப்பக்கம்தான் சாய்கிறது,
காலில் எதுவும் போடாமல்.